நீக்கும் விரலும் மண்வெட்டி பிடித்த கையும்



இவ்வாரத் தியானத்துக்குரிய வேதபகுதி லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 6 முதல் 9 வரையுள்ள நான்கு வசனங்கள். வேதாகமத்தைத் திறந்து அவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு இத்தியானத்துக்குள் வாருங்கள்.

கதை சிறியது. திராட்சத்தோட்டத்தில் ஓர் அத்திமரம் நிற்கிறது. தோட்டத்தின் உடையவர் மூன்று ஆண்டுகளாக வந்து கனி தேடுகிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. நிலத்துக்குப் பாரமாக நிற்கும் இதை வெட்டிவிடு என்கிறார். தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். தவணை கேட்டதோடு அவன் நிற்கவில்லை. அந்த ஓராண்டில் தான் என்ன செய்யப்போகிறான் என்பதையும் சொல்கிறான். மரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறுவான், எரு இடுவான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மரம் கனி கொடுத்ததா என்பதை ஆண்டவர் நமக்குச் சொல்லவில்லை.

இந்த உவமையைச் சிந்திக்கையில், நம் வாலிபர்களின் கைப்பேசிகளில் ஓடும் ஒரு விளையாட்டு என் நினைவுக்கு வருகிறது. தியானப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் எண்ணலாம். கொரிந்தியருக்கு எழுதிய பவுலும் பந்தய ஓட்டத்தைத்தான் எடுத்துக்காட்டினார். ஆகையால் சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஓர் அணி

மெய்யான மைதானத்தில் ஆடுகிறவர்களைக் கொண்டு கைப்பேசியில் ஒரு கற்பனை அணியை அமைப்பதே அந்த விளையாட்டு. ஃபேன்டசி லீக் என்பது அதன் பெயர். கிரிக்கெட்டில் வழக்கமான முறை இதுதான்: ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு விலை உண்டு, 100 கிரெடிட்டுக்குள் 11 பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அணித்தலைவராக நாம் நியமிப்பவருக்குப் புள்ளிகள் இரட்டிப்பாகும். துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு. மைதானத்தில் அவர் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நமக்கு ஒரு புள்ளி. இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டையாளர் ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தால் இரண்டு புள்ளி கழியும். மிக மெதுவாக ஆடினாலும் கழிவு உண்டு.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் பேஸ்பால். 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் பகடைகளையும் ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரம் அச்சிட்ட அட்டைகளையும் கொண்டு ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் பாவனை ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு கற்பனை லீக்கைத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அது ரோட்டிஸரி லீக் எனப்பட்டது. அதில் மட்டையாளர்களை அளந்த அளவுகோல்களுள் ஒன்று அடி விகிதம். அதாவது, மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனையில் வெற்றியாகப் பந்தை அடித்தார் என்பது.

நம்முடைய பகுதியில் இதைவிடப் பழைய ஒரு பாவனை லீக் இருந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பள்ளிக்கூடம் போன ஐம்பது வயதுக்காரர் எவரும் அதை அறிவார். அதற்குப் புக் கிரிக்கெட் என்று பெயர். சமூக அறிவியல் புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கமே ஓட்டம். பூச்சியம் வந்தால் அவுட். இடப்பக்க எண்கள் இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து. கவாஸ்கர் பெயரில் திறந்தாலும் சந்திரசேகர் பெயரில் திறந்தாலும் புத்தகத்துக்கு எல்லாரும் ஒன்றே. ஆயினும் பூச்சியம் வந்தவுடன் திட்டு வாங்கியது புத்தகமல்ல, கவாஸ்கர்தான்!

பணம் கட்டி ஆடும் வகையைப் பற்றி நான் இங்கே நீட்டிப் பேசப்போவதில்லை. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்தது. டிரீம் லெவன் முதலிய பெரிய செயலிகளும் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன. சட்டம் வருமுன்னும் அது நமக்கு ஆகாதது, வந்தபின்னும் ஆகாதது. நான் இங்கே பேசுவது, காசு வைக்காமல் நண்பர்களுக்குள் பொழுதுபோக்காக ஆடுவதைப் பற்றி. அதில் குற்றம் ஒன்றும் காணேன். ஆனால் அந்த ஆட்டம் நம் மனத்துக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. அதை மட்டும் நிறுத்தி நிதானித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டே அதிகாரங்கள்

கற்பனை அணியின் உரிமையாளருக்கு இரண்டே அதிகாரங்கள் உண்டு. ஒருவரைச் சேர்க்கலாம், நீக்கலாம். மூன்றாவது ஒன்று அவருக்கு இல்லை. தன் மட்டையாளர் தொடர்ந்து சோபிக்காமல் போனால் அவரை வலைப்பயிற்சிக்கு அழைத்துச்செல்ல முடியாது. கால் நகர்வு எங்கே பிசகுகிறது என்று அருகில் நின்று சொல்ல முடியாது. உடம்பில் காயமா, வீட்டில் துக்கமா என்று கேட்கவும் முடியாது. உண்மையில், இப்படி ஓர் உரிமையாளர் இருப்பதே அந்த மட்டையாளருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிவதெல்லாம் ஓர் எண். எண் குறைந்தால் விரல் நீளும், பெயர் போய்விடும்.

அந்த எண்ணும் பல வேளைகளில் நம்மை ஏமாற்றும். பேஸ்பாலில் பத்து வாய்ப்புகளில் மூன்றில் வெற்றியாக அடிப்பவர் மிகச் சிறந்த மட்டையாளர் என்று எண்ணப்படுகிறார். அதாவது, அவர் பத்தில் ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறவர். 1941இல் டெட் வில்லியம்ஸ் ஆயிரத்துக்கு 406 என்னும் விகிதத்தில் ஆடினார். அதற்குப்பின் இன்றுவரை அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் எவரும் ஒரு முழுப் பருவத்தில் 400ஐ எட்டவில்லை. அவர்கூட அந்த ஆண்டில் வென்ற தருணங்களைவிடத் தோற்ற தருணங்களே அதிகம்.

இன்னொரு சிறு கணக்கையும் பாருங்கள். பத்துக்கு மூன்று அடிக்கும் அந்தச் சிறந்த மட்டையாளர் ஒரு நாளில் நான்கு முறை மட்டை பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறையும் அவர் தோற்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? பத்தில் ஏழை நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆகவே திறமை சற்றும் குறையாத ஒருவருக்கும் நான்கு நாளில் ஒரு நாள் பூச்சிய நாளாக அமைவது இயல்பே. ஆயிரத்துக்கு 300 அடிப்பவருக்கும் 250 அடிப்பவருக்கும் உள்ள வேறுபாடு இருபது வாய்ப்புகளில் ஒரே ஓர் அடி. ஒரு வாரம் பார்த்துவிட்டு இவர்களுள் யார் வல்லவர் என்று தீர்ப்பிட எவராலும் ஆகாது. அந்தத் தீர்ப்புக்குக் காலம் வேண்டும். ஆனால் காலம் கொடுப்பதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

குருத்தோலைச் சனிக்கிழமை

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவரில் 9 விக்கெட் இழப்புக்கு 103 ஓட்டங்களே எடுத்தது. எதிரணி பத்து ஓவரைச் சற்றே கடந்து 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றுவிட்டது. காயம்பட்ட கெய்க்வாடுக்குப் பதிலாகத் தோனி மீண்டும் தலைவராக இறங்கிய முதல் ஆட்டம் அது. சென்னைக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது தோல்வி. அந்தப் பருவத்தின் முடிவில் அணி, தன் வரலாற்றில் முதன்முறையாக, பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது.

மறுநாள் சனிக்கிழமை மாலை. குருத்தோலை ஞாயிறுக்காக நம் வாலிபர்கள் ஆலயத் தாழ்வாரத்தில் அமர்ந்து ஓலைகளைக் கிழித்துச் சிலுவைகளாக மடித்துக்கொண்டிருந்தார்கள். கை ஓலையில், பேச்சு எல்லாம் அந்த 103இல். அவர்களுக்குள் ஒரு கற்பனை லீக் நடந்துகொண்டிருந்தது. அவர்களுள் ஒருவன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் பயிற்சியாளனாக இருப்பவன், ஒரு மட்டையாளரின் பெயரைச் சொல்லி, "தூக்கிட்டேன் ஐயா. நாலு மேட்ச் பார்த்தாச்சு. இனிமே அவருக்காகக் காத்திருக்க முடியாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டுதானே!

ஈஸ்டர் ஆராதனைக்கு அந்தத் தம்பி வரவில்லை. அவனுடைய தாயாரைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்கள்: "அவன் செய்யுற பீஸ் நிறைய ரிஜெக்ட் ஆகுதாம் ஐயா. போர்டுல பேரைப் போட்டு எண்ணிக்கையும் எழுதிட்டாங்களாம். மாசக் கடைசிக்குள்ள சரியாகலேன்னா வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கலேங்கிறான்."

பலகையில் ஒரு பெயர். அதன் எதிரே ஓர் எண். எட்டு நாளைக்கு முன் அவன் இன்னொருவரைப் பார்த்த அதே விதத்தில் இப்போது யாரோ அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் சபையில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடியில் பீரங்கி வண்டிகள் கட்டும் கனரக வாகனத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவரிடம் சென்று விவரத்தைச் சொன்னேன். மறுநாள் மாலை அவரே அந்த வீட்டுக்குப் போனார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. வேலையில் என்ன செய்கிறாய் என்பதை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொன்னார். அரைமணி நேரம் கேட்டபின் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, பீஸை மெஷின்ல இருந்து எடுத்ததும் சூட்டோட அளக்கிறியா, ஆறவிட்டு அளக்கிறியா?"

அவன் சூட்டோடுதான் அளந்துகொண்டிருந்தான். கடைந்து முடித்த இரும்பு, சூட்டில் நுண்ணிய அளவு விரிந்திருக்கும். அந்த நிலையில் மைக்ரோமீட்டர் வைத்தால் விட்டம் கூடுதலாகக் காட்டும். கூடுதலாக இருக்கிறதே என்று அவன் அடுத்த துண்டைச் சற்று அதிகமாகக் கடைவான். அது ஆறியதும் சுருங்கி, வேண்டிய அளவுக்குக் கீழே போய்விடும். தவறைத் திருத்துவதாக எண்ணி அவன் செய்த ஒவ்வொரு திருத்தமும் புதிய தவறாகிக்கொண்டிருந்தது. சோம்பல் இல்லை, கவனக்குறைவும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம். சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பலகையில் எழுதுவதற்கு மட்டும் நேரமிருந்தது.

அதன்பின் மூன்று வாரம் மாலைதோறும் பெரியவர் தம்முடைய பழைய மைக்ரோமீட்டரையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு ஆலயத் தாழ்வாரத்துக்கு வந்தார். இருவரும் விளக்கொளியில் குனிந்து அமர்ந்து இரும்புத் துண்டுகளை அளந்துகொண்டிருப்பார்கள். மாதக் கடைசியில் அவனுடைய எண்ணிக்கை குறைந்திருந்தது. பயிற்சிக்காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அதற்குமேல் என்ன ஆயிற்று என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் வென்றான் என்றால்தான் பெரியவர் செய்தது சரி என்றாகிவிடும். அவர் செய்தது அன்றே சரி. ஆண்டவரும் தம் உவமையை அங்கேதானே நிறுத்தினார்!

தோட்டக்காரன் கேட்ட வருடம்

இப்போது அத்திமரத்தினிடம் திரும்புவோம். உடையவரைக் கொடியவராகக் காண வேண்டாம். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின்படி, புதிதாக நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது. அந்தக் காலமெல்லாம் கழிந்தபின்பே உடையவர் கனி தேடி வரத் தொடங்கினார் என்று கொள்ளும் விளக்கவுரையாளர்கள் உண்டு. அப்படியானால் அவர் போதிய அளவு காத்திருந்தவரே. அவர் சொல்லும் எண்ணும் சரியானதே: மூன்று ஆண்டு, பூச்சியம் கனி. தோட்டக்காரன் அந்த எண்ணை மறுக்கவில்லை. மரத்தில் எங்கோ இலைமறைவில் ஒரு கனி இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. கனியில்லாமையும் ஒரு கனிதான் என்று வார்த்தைஜாலம் செய்யவில்லை. நீட்டிய தவணையின் முடிவில் கோடரி இருக்கிறது என்பதையும் அவன் ஒத்துக்கொள்கிறான்.

அப்படியென்றால் அவனுக்கும் உடையவருக்கும் வேறுபாடு எங்கே? உடையவர் கனியைப் பார்க்கிறார். தோட்டக்காரன் வேரைப் பார்க்கிறான். உடையவர் ஆண்டுக்கொரு முறை வருகிறார். தோட்டக்காரன் அங்கேயே இருக்கிறான். உடையவரின் சொல்லில் மரத்துக்கு வேலை இருக்கிறது. தோட்டக்காரனின் சொல்லிலோ தனக்கே வேலை வைத்துக்கொள்கிறான். கொத்துவதும் அவன், எருக்கூடையைச் சுமப்பதும் அவன். சாணமும் மண்ணும் அவன் கைகளில்தான் ஒட்டப்போகிறது. வெறுமனே பொறுத்திருப்பதை வேதம் இங்கே பொறுமை என்று காட்டவில்லை. பொறுமைக்குக் கையில் ஒரு மண்வெட்டி இருக்கிறது.

கற்பனை அணிக்கு இல்லாத மூன்றாவது அதிகாரம் இதுவே. ஆனால் மெய்யான மைதானங்களில் அது உண்டு. 1951 மே மாதக் கடைசியில் வில்லி மேஸ் என்னும் இருபது வயது இளைஞர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் சேர்க்கப்பட்டார். முதல் 12 வாய்ப்புகளிலும் அடி இல்லை. பிறகு ஒரு ஹோம் ரன். அதன்பின் மீண்டும் வறட்சி. 26 வாய்ப்புகளில் ஒன்றே ஒன்று! அழுதுகொண்டிருந்த அவர், தம்மைக் கீழ்நிலை அணிக்கே திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டார். மேலாளர் லியோ டுரோச்சரோ, தான் இந்த அணிக்கு மேலாளராக இருக்கும்வரை நடுக்களத்தில் நிற்பவன் நீயே என்று அவருக்கு உறுதி சொன்னார். அந்த ஆண்டே நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது மேஸுக்குக் கிடைத்தது. பேஸ்பால் கண்ட மிகப்பெரிய ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் ஓய்வுபெற்றார். அந்நாளில் கைப்பேசி லீக் இருந்திருந்தால், முதல் வாரத்திலேயே எத்தனை விரல்கள் அவரை நீக்கியிருக்கும்!

நம் நாட்டிலும் ஒன்று சொல்லலாம். சச்சின் டெண்டுல்கர் தம் முதல் இரண்டு ஒருநாள் ஆட்டங்களிலும் பூச்சியம். ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய முதல் சதம் 79ஆவது ஆட்டத்தில், 1994 செப்டம்பரில், கொழும்பில்தான் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன், 1994 மார்ச் 27 அன்று ஆக்லாந்தில், தொடக்க ஆட்டக்காரர் சித்து உடல்நலமின்றிப் போகவே, நடுவரிசையில் ஆடிவந்த சச்சின் தொடக்கத்தில் இறங்க வாய்ப்புக் கேட்டார். அணியின் பொறுப்பில் இருந்தவர்கள் இசைந்தார்கள். 49 பந்துகளில் 82 ஓட்டங்கள். ஆள் மாறவில்லை; அவர் நின்ற இடம் மாறியது. வேரைச் சுற்றி மண்ணைக் கிளறுவது என்பது சில வேளைகளில் அவ்வளவுதான்.

பவுலும் பர்னபாவும்

திருச்சபையின் தொடக்க நாட்களிலேயே இந்தப் பிரச்சினை எழுந்தது. மாற்கு எனப்பட்ட யோவான் முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலிருந்து பாதியில் திரும்பிவிட்டவன். அடுத்த பயணத்துக்கு அவனை அழைத்துப்போகலாம் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் இருவரும் பிரிந்துபோகும் அளவுக்கு வாக்குவாதம் முற்றுகிறது. பவுலிடம் கணக்கு சரியாக இருந்தது. பாதியில் ஓடியது உண்மைதான். பர்னபாவோ மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளுக்குப்பின், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், அதே மாற்குவை அழைத்துவரும்படியும், ஊழியத்தில் அவன் தமக்குப் பயன்படுகிறவன் என்றும் பவுல் எழுதுகிறார். நடுவில் இருந்த ஆண்டுகளில் பர்னபா என்ன செய்தார் என்பதை வேதம் விவரிக்கவில்லை. எரு இடுவதைப் பற்றி யாரும் வரலாறு எழுதுவதில்லை. கனி வந்தபின் கனியைத்தான் எழுதுவார்கள்.

இங்கே ஓர் எச்சரிப்பும் வேண்டும். அத்திமரத்தில் அத்திக்கனிதான் தேட வேண்டும். பகவத் சந்திரசேகர் 58 டெஸ்ட் ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 167 மட்டுமே. ஆனால் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 242. எடுத்த ஓட்டங்களைவிட அதிகம்! சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிய அதே வலக்கையால் 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் தொடரை வெல்லக் காரணமானார். ஓட்டப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அவரை முதல் நாளே நீக்கியிருப்பார். உங்கள் மகளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைவு என்றால், முதலில் அந்த மரம் அத்திதானா என்று பாருங்கள். வேறொரு கனியை அவள் ஏற்கெனவே தந்துகொண்டிருக்கலாம். நம் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இல்லாமல் இருக்கலாம்.

நம்முடைய வீடுகளில்

மே மாதம் வந்தால் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வருகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் அன்று காலை நிலவும் மௌனத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நல்ல எண் வந்த வீட்டில் கைப்பேசிகள் ஓயாமல் ஒலிக்கின்றன. குறைந்த எண் வந்த வீட்டில் கதவு சாத்தப்படுகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, தன் தகப்பன் தன்னை இன்னமும் தன் அணியில் வைத்திருக்கிறாரா என்று அறியாமல் அமர்ந்திருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்ற ஒரு சொல் போதும். தான் நீக்கப்பட்டுவிட்டதாகவே அது எண்ணிக்கொள்ளும். இது விளையாட்டல்ல. அந்த எண்ணத்தோடு தனியாக விடப்பட்ட பிள்ளைகளின் செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. ஆகவே பெற்றோரே, அந்நாளில் கதவைத் தட்டி உள்ளே செல்லுங்கள். முதலில் அருகில் அமருங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். எண்ணைப் பற்றிப் பிறகு பேசலாம்.

திருமணமான தம்பதியருக்கும் சபை மூப்பர்களுக்கும் இதுவே. ஒருவரிடத்தில் கனி குறைந்திருக்கிறது என்று கண்டால், அவரைக் குறித்து நாம் மற்றவர்களிடம் பேசிய நேரம் எவ்வளவு, அவருடைய வேரருகே குனிந்த நேரம் எவ்வளவு என்று எண்ணிப்பார்ப்போம். பொறுத்துக்கொள்வதால் சோம்பல் வளராதா என்று சிலர் கேட்கலாம். தோட்டக்காரன் கையில் எடுத்த மண்வெட்டியை மறந்துவிடாதீர்கள். மண்ணைக் கிளறும்போது வேருக்கு நோவும். அந்தப் பெரியவரின் கேள்வியும் அந்தத் தம்பிக்கு நொந்தது. தான் செய்துகொண்டிருந்தது பிழை என்று அது காட்டியது. ஆனால் பலகையில் எழுதிய எண் கொடுத்த நோவு வேறு, இது வேறு. முன்னது அவனைத் தனியே விட்டது. பின்னது அவனோடு கூட உட்கார்ந்தது.

குறைந்த எண்ணோடு இதை வாசித்துக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, உமக்கும் ஒரு சொல். வேலை போனவராக இருக்கலாம். மூன்றாம் முறையும் போட்டித்தேர்வில் தவறியவராக இருக்கலாம். ஆண்டுகள் பல ஜெபித்தும் தம் சுபாவம் மாறவில்லையே என்று வெட்கப்படுகிறவராக இருக்கலாம். நம் ஆண்டவர் கைப்பேசியில் அணி அமைக்கிறவர் அல்லர். நம்முடைய மண்ணில் இறங்கி வந்தவர். இந்த உவமையை அவர் சொன்னது எருசலேமை நோக்கிய பயணத்தில். வெட்டுண்ணும்படி அங்கே அவர் தம்மையே ஒப்புக்கொடுத்தார். உயிர்த்தெழுந்த அதிகாலையில் மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள் என்று யோவான் எழுதுகிறார். அவள் ஆளை அறியாமல் நினைத்தாள். ஆயினும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாத பெயர் அல்ல. உம்மைச் சுற்றி இப்போது மண் கிளறப்படுகிறது என்றால், அது வெட்டுவதற்கு வந்த சத்தமா, வளர்ப்பதற்கு வந்த சத்தமா என்று அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடாதேயும்.

இவ்வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். மனத்துக்குள் நீங்கள் ஏற்கெனவே நீக்கிவிட்ட ஒருவரின் பெயரைத் தாளில் எழுதுங்கள். அந்தப் பெயரின் எதிரே எண் எதுவும் எழுத வேண்டாம். அவருக்காக நீங்கள் நேரில் செய்யக்கூடிய ஒரு வேலையை எழுதுங்கள். வரும் ஞாயிறுக்குள் அதைச் செய்து முடியுங்கள்.

ஜெபம்: எங்களை வெட்டிப்போடாமல் இந்நாள்வரை காத்துவந்த கர்த்தாவே, எங்கள் கனியின்மையை நாங்கள் மறைக்கவில்லை. எங்கள் வேர்களைச் சுற்றி நீர் செய்யும் வேலைக்கு எங்களை ஒப்புக்கொடுக்கிறோம். பிறரை எண்ணால் அளந்து தள்ளிவிடும் மனத்தை எங்களிடத்திலிருந்து நீக்கும். குனிந்து உழைக்கும் முதுகையும், எருவில் அழுக்காக அஞ்சாத கைகளையும் எங்களுக்குத் தாரும். தோட்டக்காரராகிய இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.